அடியாத மாடும் படியாத நாயும்

எங்கட வீட்டு நாய்க்குப் பெயர் பிறவுணி. நிறம் கறுப்பு. ஏன் பிறவுணி என்று கேட்காதேங்கோ, பெயர் வைத்தது ஐந்து வயதுத் தங்கச்சி.

ஐந்து மாதக் குட்டியாக இருக்கேக்க அவன் ஒரு மேதை. "இரு" என்றால் இருப்பான். "வா" என்றால் காது இரண்டும் பின்னால் பறக்க ஓடி வருவான். வீட்டுக்கு வருகிற ஆக்களுக்கெல்லாம் நான் செய்து காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறேன். ஒன்பதாவது மாதம் எல்லாம் தலைகீழ். "இரு" என்றால் வானத்தைப் பார்ப்பான். "வா" என்றால் வேலிக்கு அங்கால மயில் அகவுகிறதைக் கேட்டுக்கொண்டு நிற்பான். கீரி, குரங்கு, பக்கத்து வளவுப் பெட்டை, காற்றில் உருளுகிற கச்சான் கோது என்று உலகத்தில் எல்லாமே அவனுக்கு முக்கியம், என்னைத் தவிர.

ஒருநாள் பின்னேரம் படலை திறந்து கிடந்தது. பிறவுணி பரந்தன் - முல்லைத்தீவு வீதிப் பக்கம் ஓடிவிட்டான். தொண்டை கிழியக் கூப்பிட்டேன். ஒருக்கால் திரும்பிப் பார்த்தான், பிறகு தன் பாட்டில் போய்விட்டான். பத்து நிமிடம் கழித்து வாலை ஆட்டிக்கொண்டு தானாகவே வந்தான். எனக்கு வந்த கோபத்தில் பூவரசங் கம்பு ஒன்றை முறித்து நாலு வைத்தேன். திண்ணையில் இருந்த மாமா, "அப்படித்தான். அடியாத மாடு படியாது" என்றார்.

அடுத்த நாளும் அதே படலை, அதே வீதி. நான் "வா" என்று கத்தினேன். இந்த முறை பிறவுணி நின்றான், என்னைப் பார்த்தான். நான் கூப்பிடுகிறேன் என்று அவனுக்கு நன்றாக விளங்கியது. விளங்கியதால்தான் ஒவ்வொரு அடியாகப் பின்னுக்குப் போனான், வீதியின் நடுவுக்கு. முல்லைத்தீவால் வந்த பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு பிறேக் போட்டது. ட்ரைவர் என்னைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

முதல் நாள் நான் கொடுத்த பாடத்தை அவன் சரியாகத்தான் படித்திருக்கிறான். ஓடினதுக்கு அவனுக்கு அடி விழவில்லை. திரும்பி வந்ததுக்குத்தான் விழுந்தது. அன்றிரவு நித்திரை வராமல், மனிதர்கள் நாய்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்ற வரலாற்றைத் தேடத் தொடங்கினேன். அது ஒரு பெரிய போர்க்கதைக்குள் கூட்டிக்கொண்டு போய், கடைசியில் எங்கட ஊர் மண்ணிலேயே கொண்டுவந்து விட்டது.

குருளைக்கும் நாய்க்கும் இடையில்

தொல்காப்பியத்தின் மரபியலில் எந்த மிருகத்தின் குட்டியை எப்படிச் சொல்லவேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. நாய், பன்றி, புலி, முயல் நான்கின் இளமைக்கும் "குருளை" என்று பெயர். ஆனால் குருளையும் இல்லாத, வளர்ந்த நாயும் இல்லாத அந்த நடுப்பருவத்துக்கு எங்களிடம் தனிப்பெயர் இல்லை. மனிதருக்கு விடலைப் பருவம் என்கிறோம். நாய்க்கும் அப்படி ஒன்று இருக்கு என்று கன பேர் நினைத்துப் பார்ப்பதில்லை. அந்தக் காலத்தில் நாய் செய்கிற எல்லாவற்றையும் கொழுப்பு என்று முடிவுகட்டி விடுகிறோம்.

2020 இல் பிரித்தானிய ஆய்வாளர் லூசி ஆஷரும் அவருடைய குழுவும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கண்தெரியாதவர்களுக்கு வழிகாட்டுவதற்காக வளர்க்கப்படுகிற நாய்களை எடுத்து, ஐந்து மாதத்திலும் எட்டு மாதத்திலும் "இரு" என்ற ஒரே சொல்லைச் சொல்லிப் பார்த்தார்கள். எட்டு மாதத்தில் நாய்கள், வளர்க்கிற ஆளின் சொல்லைத் தட்டுவது கூடியிருந்தது. அதே "இரு"வை அறிமுகமில்லாத ஒருவர் சொன்னபோது அப்படி இல்லை. அதாவது சொல் மறந்துபோகவில்லை. வீட்டு ஆள் சொன்னால்தான் கேட்கிறதில்லை. பதினைந்து வயதில் நாங்கள் ரியூசன் வாத்தியாருக்கு அடங்கி, அம்மாவோடு மட்டும் சண்டை பிடித்தது ஞாபகம் வருகிறதா? வளர்க்கிறவரோடு உறவு உறுதியில்லாத நாய்களிடம் இந்த முரண்டு கூட இருந்தது. பன்னிரண்டு மாதமளவில் அது தணிந்தும் போனது.

இதை வாசித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. தானாகக் கடந்துபோகிற ஒரு பருவத்துக்கு நான் கம்பு முறித்திருக்கிறேன்.

கம்பின் காலம்

நாயைப் பழக்குவதை ஒரு தொழில்நுட்பமாக எழுதி வைத்த முன்னோடிகளில் ஒருவர் கொன்ராட் மோஸ்ட் என்ற ஜேர்மன் பொலிஸ் அதிகாரி. 1910 இல் அவருடைய புத்தகம் வந்தது. பாராட்டு, தண்டனை இரண்டையும் சரியான நொடியில் கொடுக்கவேண்டும் என்பதை அவர் தெளிவாக விளங்கியிருந்தார். ஆனால் அவருடைய முறையில் கட்டாயப்படுத்தலுக்குப் பெரிய இடம் இருந்தது. இழுக்கிற சங்கிலி, முள்ளுப் பட்டி, தேவைப்பட்டால் சவுக்கு. மனிதன் எஜமான், நாய் அடங்கவேண்டும். இரண்டு உலகப் போர்களிலும் படைகள் நாய்களைப் பழக்கியபோது இந்தச் சிந்தனையின் நிழல் பெரிதாகவே விழுந்தது.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவம் கண்ணிவெடி தேட நாய்களைப் பழக்கியது. முறை என்ன தெரியுமா? நிலத்துக்குள் மின்சாரக் கம்பியைப் புதைத்து வைப்பார்கள். நாய் அந்த இடத்தைக் கிண்டினால் சொக் அடிக்கும். புதைத்து வைத்திருக்கிற பொருள் ஆபத்தானது என்று நாய்க்குப் பயம் பிடிக்கவேண்டும், பிறகு அப்படியான இடங்களைக் கண்டால் அது நின்றுவிடவேண்டும். இதுதான் கணக்கு. பயிற்சி நிலத்தில் பார்க்க நன்றாகவே இருந்தது. வட ஆபிரிக்காவுக்கும் இத்தாலிக்கும் கொண்டுபோனபோது முறை தோற்றுப்போனது. குண்டுச் சத்தமும் பிணவாடையும் கிண்டிக் குழம்பிய நிலமுமாக இருந்த இடத்தில் அந்த நாய்களை நம்பி ஒருவரும் கால் வைக்க முடியவில்லை. அந்த அணியைக் கலைத்துவிட்டார்கள்.

கொஞ்சம் யோசித்தால் காரணம் பிடிபடும். கண்டுபிடித்தால் நோகும் என்று படித்த நாய்க்கு, தேடாமல் இருப்பதுதான் லாபம். அது வேலையிலிருந்து தப்புகிறதுக்குத்தான் வழி பார்க்கும். பிறவுணிக்கு வீதி நடுவில் நிற்பது என்னிடம் வருவதைவிடப் பாதுகாப்பாகத் தெரிந்த மாதிரி.

இதே காலத்தில் சோவியத் படை இன்னொரு கொடுமையைச் செய்தது. நாயின் முதுகில் வெடிமருந்தைக் கட்டி எதிரியின் டாங்கிக்கு அடியில் அனுப்புவது. இங்கே அடி இல்லை. நாயைப் பட்டினி போட்டு, டாங்கிக்கு அடியில் சாப்பாடு வைத்துப் பழக்கினார்கள். ஆனால் பழக்கியது சும்மா நின்ற டாங்கிகளில், அதுவும் தங்களுடைய சொந்த டாங்கிகளில். 1941 இல் களத்துக்கு அனுப்பியபோது, ஓடுகிற, சுடுகிற ஜேர்மன் டாங்கிகளைக் கண்டு பல நாய்கள் மிரண்டு, தாங்கள் வெளிக்கிட்ட பதுங்குகுழிக்கே திரும்பி ஓடி வந்தன, முதுகில் வெடிமருந்தோடு. சோவியத் டாங்கி டீசல் மணம், ஜேர்மன் டாங்கி பெற்றோல் மணம் என்பதும் நாய்களைக் குழப்பியதாகச் சொல்கிறார்கள்.

நீங்கள் சொல்லிக்கொடுக்க நினைத்தது எதுவோ, அது நாய்க்குத் தெரியாது. நீங்கள் உண்மையில் எதைச் சொல்லிக்கொடுத்தீர்களோ அதைத்தான் நாய் படிக்கும். அமைதியான முற்றத்தில் "இரு" படித்த நாய்க்கு, மயில் நிற்கிற முற்றம் புதுப் பாடம். அதை அது மறந்துவிட்டது என்று நாங்கள் சொல்கிறோம். உண்மையில் நாங்கள் அதை இன்னும் சொல்லியே கொடுக்கவில்லை.

தகரத் தவளையின் காலம்

கோயில் திருவிழாக் கடையில் விக்கிற தகரத் தவளை ஞாபகம் இருக்கா? வயிற்றை அமத்தினால் "டிக்" என்று சத்தம் போடும். அப்படியான ஒரு விளையாட்டுச் சாமான்தான் இந்த வரலாற்றைத் திருப்பியது.

அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் இரண்டாம் உலகப் போரில் புறாக்களைப் பழக்கி ஏவுகணையை வழிநடத்தப் பார்த்தவர். புறாக்கள் ஒழுங்காகப் படித்தன, இராணுவம்தான் நம்பவில்லை. அந்தத் திட்டத்தில் வேலை செய்த அவருடைய மாணவர்கள் மரியன், கெல்லர் பிறேலண்ட் தம்பதி. பிறகு படிப்பை விட்டு, மிருகங்களைப் பழக்குவதையே தொழிலாக எடுத்தார்கள். 1951 இல் ஸ்கின்னர் ஒரு விஞ்ஞானச் சஞ்சிகையில், வீட்டிலேயே நாய்க்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கலாம் என்று சாதாரண வாசகருக்காக எழுதினார்.

முறை இதுதான். முதலில் "டிக்" சத்தம் வந்தால் சாப்பாடு வரும் என்று நாய்க்குப் பழக்கவேண்டும். பிறகு, நாய் நாங்கள் விரும்புகிறதைச் செய்கிற அதே நொடியில் "டிக்". சாப்பாடு இரண்டு நொடி பிந்தி வந்தாலும் பரவாயில்லை, எதுக்காக வந்தது என்பதைச் சத்தம் சொல்லிவிட்டது. முழு வேலையையும் ஒரே தரத்தில் எதிர்பார்க்கக் கூடாது. தலை திரும்பினால் ஒரு டிக், ஒரு அடி வந்தால் ஒரு டிக். படி படியாக.

டொல்பின், திமிங்கிலம் பழக்குகிறவர்களிடம் இந்த முறை வேகமாகப் பரவியது. காரணம் எளிது. கடலில் நீந்துகிற திமிங்கிலத்துக்குச் சங்கிலி போட்டு இழுக்க முடியாது. கோபம் வந்தால் அது அங்கால போய்விடும். ஹவாயில் டொல்பின்களோடு வேலை செய்த கரன் பிறையர் 1984 இல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு இது நாய் வளர்க்கிறவர்களிடமும் வந்து சேர்ந்தது.

கண்ணிவெடி நாய்களும் மாறின. 1960 களின் கடைசியில் வியட்நாம் போருக்காக அமெரிக்கர்கள் திரும்பவும் நாய்களைப் பழக்கியபோது மின்சாரக் கம்பி இல்லை. வெடியைக் கண்டுபிடித்தால் சாப்பாடு. சொக்குக்குப் பயந்து தேடாமல் தப்பப் பார்த்த அதே இனம், இப்போது தேடுகிறதை விளையாட்டாக எடுத்துக்கொண்டது. பிறகு ஆப்கானிஸ்தான், பொஸ்னியா என்று உலகம் முழுக்க மனிதாபிமானக் கண்ணிவெடி அகற்றலுக்கு நாய்கள் போயின. தன்சானியாவில் "டிக்" சத்தமும் வாழைப்பழமும் கொடுத்துப் பெருச்சாளி மாதிரியான பெரிய எலிகளைக் கூட மிதிவெடி தேடப் பழக்குகிறார்கள். எலிக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்த கதையை நான் எங்கேயும் வாசிக்கவில்லை.

எங்கட மண்ணில்

இனி எங்கட ஊருக்கு வருவம். 2009 இன் முதல் மாதங்களில் போர் எங்கட ஊருக்குள்ளால்தான் போனது. புதுக்குடியிருப்பு, இரணைப்பாலை, ஆனந்தபுரம், மாத்தளன், பிறகு முள்ளிவாய்க்கால். மே மாதம் எல்லாம் முடிந்தது. மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டபோது கடைசியாக வெளிக்கிட்டவர்களில் கேப்பாப்புலவு, மந்துவில் ஆக்களும் இருந்தார்கள். ஊருக்குப் போகப் பிந்தினதுக்குப் பல காரணம். அதில் ஒன்று மண்ணுக்குள் கிடந்தது.

வன்னியில் மிதிவெடி எடுக்கிற வேலை 2002 சமாதான காலத்திலேயே தொடங்கியது. ஜொனி மிதிவெடி மாதிரிப் பலகைப் பெட்டியில் செய்த வெடிகளில் உலோகம் மிகக் குறைவு. பிளாஸ்ரிக் கூட்டுக்குள் வந்த பாகிஸ்தான், சீன வெடிகளும் அப்படித்தான். உலோகம் காட்டுகிற கருவிக்கு இது சிக்கல். நாய்க்கு உலோகம் தேவையில்லை. அது வெடிமருந்திலிருந்து கசிகிற ஆவியை மணக்கும். அமெரிக்க உதவியோடு கொண்டுவரப்பட்ட நாய்கள் இலங்கை இராணுவத்தின் கண்ணிவெடி அகற்றும் பிரிவில் வேலை செய்திருக்கின்றன. இராணுவமும் நாயும் சேர்ந்து வருகிற படம் எங்களில் பலருக்கு இலகுவான படம் இல்லை, அது எனக்கும் தெரியும். நான் இங்கே பார்ப்பது அந்த நாயின் தலைக்குள் நடக்கிறதை.

கண்ணிவெடி நாய் நீளக் கயிற்றில், குறித்த நேர்கோட்டில் மணந்து மணந்து போகும். மணம் பிடித்தால் குரைக்காது, கிண்டாது. அப்படியே இருந்துவிடும். ஆம், "இரு". பிறவுணி வானத்தைப் பார்க்கிற அதே "இரு"வில்தான் அங்கே ஒருவருடைய கால் தங்கியிருக்கிறது. ஒரு நாய் பார்த்த நிலத்தை இன்னொரு நாயும் பார்க்கவேண்டும். இரண்டும் ஒன்றும் இல்லை என்றால்தான் அந்த நிலம் கணக்கில் சேரும். வெயில் ஏறினால் நாய் மூச்சு வாங்கத் தொடங்கும். மூச்சு வாங்குகிற நாய் ஒழுங்காக மணக்காது, ஓய்வு. களைத்த நாயைக் கத்தி வேலை வாங்கினால் அது உங்களைச் சமாளிக்கிறதுக்காக எங்கேயாவது இருக்கும், இல்லாவிட்டால் இருக்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போகும். பொய் சொல்லப் பழகிய நாய் மிதிவெடியை விட ஆபத்து.

ஆனால் வன்னியில் கூடுதலான நிலத்தைத் துப்புரவாக்கியது நாய்கள் இல்லை, மனிதக் கைகள். அதில் எங்கட பெண்கள் கன பேர். என்ர சித்தியும் ஒருத்தி. மீள்குடியேறி வந்து, வேறு வேலை கிடைக்காமல், மிதிவெடி எடுக்கிற வேலைக்குப் போனவா. முகத்துக்கு மறைப்பு, நெஞ்சுக்குத் தடித்த கவசம், கையில் வராண்டி. சமாதான காலத்திலேயே இங்கத்தைய ஆக்கள் வராண்டியால் மண்ணை மெல்ல மெல்ல வறுகி எடுக்கிற முறையில் தேர்ந்திருந்தார்கள். உலகத்தில் வேறு இடங்களில் கண்ணிவெடி எடுக்கிறவர்களும் அதைப் பற்றி வாசித்தார்கள்.

பிறவுணியின் பஸ் கதையைச் சித்தியிடம் சொன்னேன். மாமாவின் பழமொழியையும் சொன்னேன். அவ சிரித்துவிட்டுச் சொன்னா: "நான் கோபத்தோட ஒருநாள் வேலைக்குப் போனன். சூப்பர்வைசர் மூஞ்சையப் பாத்திட்டு இருத்திப்போட்டார். கை கோபமா இருந்தா மண் ஒண்டும் சொல்லாது எண்டார். நாயும் அப்படித்தான் பிள்ளை."

மூன்று கிழமை

பிறகு நான் செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கட வீட்டிலும் இப்படி ஒரு விடலை நின்றால் உதவும்.

தகரத் தவளை கிடைக்கவில்லை. அமத்துகிற பேனை ஒன்றின் "டிக்" போதுமாக இருந்தது. சாப்பாட்டுக்கு உப்பில்லாமல் அவித்த சூடைமீன், முள் எடுத்து, கச்சான் பருப்பளவு துண்டு. முதல் கிழமை வீட்டுக்குள் மட்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் இல்லை. "வா" என்ற சொல்லை நான் பழுதாக்கிவிட்டேன், அதைக் கேட்டாலே அவனுடைய வால் கீழே போனது. அதனால் அந்தச் சொல்லையே விட்டுவிட்டு ஒரு சீக்காய் அடியை எடுத்தேன். அவன் தன் பாட்டில் என்னைப் பார்த்தாலும் டிக், மீன்.

இரண்டாம் கிழமை முற்றம். பத்து மீற்றர் நைலோன் கயிறு, இழுக்கிறதுக்கு இல்லை, ஓடாமல் இருக்கிறதுக்கு. தூரம், நேரம், பராக்கு மூன்றையும் ஒரே நாளில் கூட்டவில்லை. மயில் நின்றால் நான் கிட்ட நின்றேன். மயில் இல்லாத நேரம் தூரப் போனேன். பிழைத்தால் பிழை என்னுடையது. ஒரு படி முந்திவிட்டேன் என்று அர்த்தம், திரும்பவும் கீழ்ப்படிக்குப் போகவேண்டும். கூப்பிட்டதையே பத்துத் தரம் கூப்பிடக் கூடாது. பத்தாவது தரம் வந்தால் போதும் என்று அவன் படித்துவிடுவான். எவ்வளவு பிந்தி வந்தாலும், என்ன நாசம் செய்துவிட்டு வந்தாலும், வந்தவனுக்கு அடி இல்லை.

மூன்றாம் கிழமை படலையடி. பத்தாவது நாள் எல்லாம் வெற்றி என்று நினைத்தேன். பதினோராம் நாள் ஒரு கீரி வந்தது, கயிறு கையை அறுத்துக்கொண்டு போனது. எனக்குக் கம்பின் ஞாபகம் வந்தது, மறைக்கவில்லை. அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு உள்ளே போய்த் தேத்தண்ணி குடித்தேன். இந்த வரலாறு முழுக்க வாசித்ததில் எனக்கு மிஞ்சிய ஒரே திறமை அதுதான் என்று நினைக்கிறேன்: நிறுத்தத் தெரிந்தது.

பொறுமை என்ற சொல்

பொறுத்தார் பூமி ஆள்வார் என்று ஒரு பழமொழி இருக்கு. எங்கட ஊரில் அதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். பொறுங்கோ, பொறுங்கோ என்று சொல்லியே எங்களுடைய பூமியை எங்களிடமிருந்து தள்ளி வைத்தவர்கள் உண்டு. கேப்பாப்புலவு பிலக்குடியிருப்பு மக்கள் 2017 ஜனவரி கடைசியில் விமானப்படை முகாம் வாசலில் குந்தி, இரவும் பகலும் இருந்து, ஒரு மாதத்தில் தங்கட காணியை எடுத்தார்கள். அவர்களும் பொறுமையாகத்தான் இருந்தார்கள். ஆனால் அது சும்மா இருந்த பொறுமை இல்லை.

பழக்குகிறவரின் பொறுமையும் அப்படித்தான். அது சகித்துக்கொண்டிருப்பது இல்லை. சித்தி வராண்டியோடு நிலத்தில் குந்தியிருந்தபோது யாரையும் சகித்துக்கொண்டிருக்கவில்லை, வேலை செய்துகொண்டிருந்தா. இலங்கை 2017 டிசெம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. மண்ணை முழுக்கத் துப்புரவாக்க 2028 ஜூன் வரை தவணை. இன்றைக்கும் வன்னியில் யாரோ ஒருத்தி வெயிலில் ஒரு சாண் மண்ணைப் பார்த்துக்கொண்டு இருப்பா.

மாமா இன்னும் மாறவில்லை. "உன்ர நாய் மீனுக்குத்தான் வருது, உனக்கு இல்லை" என்கிறார். இருக்கட்டும். போன செவ்வாய்க்கிழமை படலை திறந்து கிடந்தது. பிறவுணி வீதிக் கரைக்குப் போய்விட்டான். சீக்காய் அடித்தேன். மயில் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவன் மயிலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். திரும்பவும் மயிலைப் பார்த்தான். நான் இரண்டாம் தரம் கூப்பிடவில்லை.

வந்தான். என்னிடம் அன்றைக்கு மீன் இருக்கவில்லை.